ஒன்று பாடினால் போதாது: சின்தசைசர் மாட்யூல்களைப் பத்துப் பத்தாகக் கையால் செய்ய ஒரு வழிகாட்டி

என் மேஜையில் ஒரே ஒரு ஆஸிலேட்டர் மாட்யூல், அதாவது சின்தசைசரில் ஒலியை உருவாக்கும் தனிப் பகுதி, அழகாகப் பாடிக்கொண்டிருந்தது. இதையே பத்து செய்து விற்கலாமே என்று அன்று தோன்றியது. டிசைன் முடிந்துவிட்டது, இனி கைவேலைதானே பாக்கி என்று நினைத்தேன். அந்தப் பத்தும் சுருதி சேர்ந்து பெட்டிக்குள் போக ஏழு மாதம் ஆனது. அதில் சால்டரிங் செய்த நேரம் கொஞ்சம்தான். பிழை தேடியதும், தவறான பாகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்ததும், செய்ததைப் பிரித்து மறுபடி செய்ததும்தான் மீதி.

கிட் ஒன்றிரண்டு செய்து பழகியவர்கள், சர்க்யூட் படம் படிக்கத் தெரிந்தவர்கள், அடுத்து சொந்தமாக ஒரு சிறு பேட்ச் (ஒரே தடவையில் செய்யும் தொகுதி) செய்ய நினைப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்று செய்வதும் பத்து செய்வதும் இரண்டு வேறு வேலைகள். ஒன்றில் பிழை வந்தால் அங்கேயே ஒயர் போட்டுச் சரிசெய்துவிடலாம். பத்தில் அதே பிழை பத்து முறை வரும்.

அளவுகள் முதலில்

இன்று சிறு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் செய்வது யூரோராக் வகை மாட்யூல். 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் தன் ஏ-100 வரிசைக்காக வகுத்த அளவுகள்தான் எல்லோருக்கும் அடிப்படை. பேனலின் உயரம் 128.5 மி.மீ. அகலத்தை எச்பி என்று எண்ணுவார்கள். ஒரு எச்பி 5.08 மி.மீ. ஆனால் 8 எச்பி பேனலை 8 × 5.08 = 40.64 என்று வெட்டக்கூடாது. பக்கத்து மாட்யூலோடு உரசாமல் இருக்க 40.3 என்று சற்றுக் குறைத்து வெட்ட வேண்டும். என் முதல் பேனல்களை நான் 40.64 என்றே வெட்டக் கொடுத்தேன். தனியாக வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. நிறைந்த ஒரு கேஸில் (மாட்யூல்களை மாட்டும் பெட்டி) கடைசி மாட்யூலாகச் செருகியபோது உள்ளே போகவில்லை. பத்துப் பேனலையும் அரத்தால் ராவினேன், ஓரங்களில் கறுப்புப் பூச்சு போனது.

மின்சாரம் +12, −12 வோல்ட். ஒலி சிக்னல் ஏறக்குறைய −5இலிருந்து +5 வோல்ட் வரை ஊசலாடும். சுருதிக்கு ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கு 1960களில் ராபர்ட் மூக் செய்த சின்தசைசர்களிலிருந்து வருவது. அவருடைய மாட்யூலர் சின்தசைசர் ஒன்று 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது; அங்கே மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர். நம் நாட்டில் இந்த வேலைக்கு வேர் இல்லை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது

ஆஸிலேட்டரில் தொடங்காதீர்கள். நான் அதில்தான் தொடங்கினேன். முதல் பேட்ச் ஏழு மாதம் இழுத்ததற்கு அது பெரிய காரணம். ஒரு அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது), ஒரு சின்ன மிக்ஸர், அப்புறம் ஒரு விசிஏ (வோல்ட்டால் ஒலியளவை மாற்றுவது), இந்த வரிசையில் போனால் பேனல், ஜாக் (கேபிள் செருகும் துளை), பவர் கேபிள் எல்லாம் பழகிவிடும். சுருதி சேர்க்கும் வேலை வரும்போது அதை மட்டும் கவனித்தால் போதும்.

பாரிஸில் எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் மாட்யூல்களின் படங்களைத் திறந்த உரிமத்தில் கொடுத்துவிட்டது. நிறுவனம் மூடிய பிறகும் அவை கிடைக்கின்றன. நகலெடுத்துச் செய்வதைவிட, ஒரு உள்ளீட்டை எப்படிப் பாதுகாக்கிறார், கெப்பாசிட்டரை எங்கே வைக்கிறார் என்று படிப்பதற்காகவே அவற்றைத் திறந்து பாருங்கள். எனக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்கவில்லை.

போர்டு ஆர்டர் போடும் முன்

போர்டு வரையும் மென்பொருளான கீகேட் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். போர்டு வரைந்து முடித்ததும் உடனே அந்த ஃபைலைத் தயாரிப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். அதே அளவில், 1:1இல், தாளில் அச்செடுங்கள். அட்டையில் ஒட்டி, துளைகளைக் குத்தி, கையில் இருக்கும் நிஜ ஜாக்கையும் நிஜ பாட்டையும் (குமிழ் மாட்டும் பொட்டென்ஷியோமீட்டர்) ஐசியையும் அதில் செருகிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். பாட் தலைகீழாக இருப்பது, இரண்டு குமிழ்களுக்கு நடுவே விரல் போகாமல் இருப்பது, பவர் கனெக்டர் கேஸின் ரயிலில் இடிப்பது எல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

அட்டையில் தெரியாத பிழை ஒன்று உண்டு. கால் வரிசை. கேட் (ஆன், ஆஃப் என்று சொல்லும் சிக்னல்) உள்ளீட்டுக்கு ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் வைத்திருந்தேன். போர்டில் வரைந்தது 2என்3904க்கான இடம். அதன் தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்கக் கால் கீழே இருந்தால், இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் கிடைத்தது பிசி547. அதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார்கள், நானும் அப்படியே பத்திலும் வைத்தேன். பிழை முழுப் பிழையாக இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். தலைகீழாக வைத்த டிரான்சிஸ்டரும் வேலை செய்யும், ஆனால் அதன் பெருக்கம் மிகக் குறைந்துவிடும். என் கேஸில் இருந்த கிளாக் (தாளம் தட்டும் மாட்யூல்) 10 வோல்ட் கேட் கொடுத்ததால் எல்லாம் ஓடியது. நண்பர் வீட்டில் 5 வோல்ட் கேட். அங்கே சில சமயம் ஓடியது, சில சமயம் இல்லை. லூஸ் கான்டாக்ட் என்று நினைத்து இரண்டு வாரம் ஜாக்குகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பேஸ் இரண்டிலும் நடுவில்தான் இருப்பதால், டிரான்சிஸ்டரைக் கழற்றி அரைவட்டம் திருப்பி வைத்தால் தீர்ந்தது.

ஆகவே ஒவ்வொரு அரைக்கடத்திக்கும், வாங்கப்போகும் அதே பாகத்தின் டேட்டாஷீட்டைத் திறந்து கால் வரிசையைப் பாருங்கள். பெயர் ஒத்துப்போவதை நம்ப வேண்டாம். 7805 ரெகுலேட்டரும் அதன் சின்ன உடன்பிறப்பு 78எல்05ம் ஒரே 5 வோல்ட் கொடுக்கின்றன. ஆனால் சின்னதை டிரான்சிஸ்டர் உறையில் வாங்கினால் உள்ளீடும் வெளியீடும் பெரியதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும்.

பவர் கனெக்டருக்கு அருகில் "சிவப்புக் கோடு இந்தப் பக்கம்" என்று போர்டிலேயே அச்சிடுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 வோல்ட்டின் பக்கம். 10 கால் கனெக்டரைத் திருப்பிச் செருகினால் +12ம் −12ம் இடம் மாறிவிடும், ஐசிகள் சில நொடியில் போய்விடும். வாங்குபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள், இருட்டில், கச்சேரிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது திருப்பிச் செருகுவார். +12, −12 இரண்டு வழியிலும் ஒவ்வொரு ஷாட்கி டையோடு (1என்5817 போதும்) வைத்தால் அந்த நாளில் ஒன்றும் ஆகாது. டையோடு சில ரூபாய். ஏறக்குறைய 0.3 வோல்ட்டை அது தின்னும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகம் வாங்குதல்

பத்து மாட்யூலுக்குப் பாகம் வாங்குவது ஒன்றுக்கு வாங்கிப் பத்தால் பெருக்குவதில்லை. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போன்ற சின்னவற்றில் கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கு எடுங்கள். குமிழ், பாட், ஜாக் மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே லாட்டில் வாங்குங்கள். என் இரண்டாவது பேட்ச்சுக்கு ஆறு பாட் குறைந்தது. சென்னை ரிச்சி தெருவில் தேடி, அதே மதிப்பில், அதே அளவில் வாங்கி வந்தேன். தண்டு மட்டும் வேறு: பழையது ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது, புதியது சுற்றிலும் பல்வெட்டு. குமிழ் ஏறவில்லை. பாட்டின் மேல் எழுதியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். இன்று சந்தையில் கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் பி100கே என்றால் சீராக ஏறும், ஏ100கே என்றால் வால்யூமுக்கு ஏற்ற மடக்கை ஏற்றம். பழைய ஐரோப்பியப் பாட்களில் இந்த எழுத்தின் பொருளே வேறு.

ஆஸிலேட்டரின் இதயம் நான் பயன்படுத்திய 3340 ஐசி. 1980ஐ ஒட்டிய காலத்தில் கர்ட்டிஸ் நிறுவனம் வெளியிட்ட சிஇஎம்3340தான் மூலம். பிராஃபெட்-5 சின்தசைசரின் மூன்றாவது பதிப்பில் பாடியது இதுதான். இப்போது லாட்வியாவின் ரிகா நகரில் ஆல்ஃபா நிறுவனம் ஏஎஸ்3340 என்று அதே கால் வரிசையில் செய்கிறது. மூலத் தயாரிப்பும் 2016இல் திரும்ப வந்தது. புதியது கிடைக்கும்போது பழையதைத் தேடி அலைய வேண்டாம். மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒருவரிடம் "பழைய ஸ்டாக்" பன்னிரண்டு வாங்கினேன். நான்கு ஊமை. இன்னும் இரண்டு பாடின, ஆனால் மேல் ஸ்தாயியில் சுருதி நிற்கவில்லை. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேல்பக்கத்தைத் துடைத்தேன். கறுப்புச் சாயம் பஞ்சோடு வந்தது, அடியில் வேறு எண் தெரிந்தது. கால்களின் நுனியில் பழைய ஈயத்தின் தடமும் இருந்தது, முன்பு அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. அப்போதிருந்து ஒரு பிரெட்போர்டில் சோதனைச் சர்க்யூட்டைக் கட்டியே வைத்திருக்கிறேன். வரும் ஒவ்வொரு ஐசியும் அதில் பாடிய பிறகுதான் போர்டுக்குப் போகும்.

சுருதியைத் தீர்மானிக்கும் டைமிங் கெப்பாசிட்டரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். எக்ஸ்7ஆர் வகை செராமிக் தன் வெப்ப எல்லைக்குள் 15 சதவீதம் வரை மாறலாம். சி0ஜி வகை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் நிற்கும். மதிய வெயிலிலும் இரவு ஏசியிலும் ஒரே சுருதியில் நிற்க வேண்டிய கருவி இது.

முதல் போர்டைத் தனியாக முடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் போர்டும் வந்ததும் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றிலும் முதலில் ரெசிஸ்டர், அப்புறம் டையோடு என்று போக ஆசை வரும். வேகமான வழி அதுதான், ஆனால் இரண்டாவது போர்டிலிருந்து. முதல் போர்டை ஆதியிலிருந்து அந்தம் வரை தனியாக முடியுங்கள். பேனல் போடுங்கள், சுருதி சேருங்கள், கேஸில் மற்ற மாட்யூல்களோடு ஒரு வாரம் வாசியுங்கள். அந்த ஒரு வாரத்தில் வந்த குறை ஒரு போர்டில் மட்டும் வரும். அந்த டிரான்சிஸ்டரை நான் பத்திலும் வைத்தது, என் கேஸிலும் நண்பர் கேஸிலுமாக அந்த வாரத்தைக் கொடுக்காததால்தான்.

பற்ற வைக்கும்போது உயரம் குறைந்த பாகம் முதலில், உயரமானது கடைசியில். ஜாக்கையும் பாட்டையும் எல்.இ.டி.யையும் போர்டில் செருகி வையுங்கள், சால்டர் வைக்க வேண்டாம். மேலே பேனலை மாட்டி நட்டுகளை முடுக்கி, எல்லாம் நேராக உட்கார்ந்த பிறகு கவிழ்த்துப் போட்டு அப்போது சால்டர் வையுங்கள். முன்பே வைத்துவிட்டால் ஒரு ஜாக் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் பேனல் இறங்காது. பலவந்தமாக இறக்கினால் ஜாக்கின் காலில் எப்போதும் இழுவை இருந்துகொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் விரிசல் விடும்.

ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும், புதியவர்களுக்குக் கைக்கு அடக்கமானது. ஐரோப்பாவில் விற்க நினைத்தால் ஈயமில்லாத சால்டரில் பழக வேண்டும். அங்கே 2006 ஜூலையிலிருந்து அதுதான் சட்டம். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து சால்டர் வைக்காதீர்கள், முனை குளிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் இழுக்க ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வேண்டும்.

முதல் முறை மின்சாரம்

ஐசிகளை சாக்கெட்டில் வைக்காமல் தொடங்குங்கள். மல்டிமீட்டரில் +12க்கும் தரைக்கும் (கிரவுண்ட், 0 வோல்ட்), −12க்கும் தரைக்கும், பிறகு +12க்கும் −12க்கும் ஷார்ட் இருக்கிறதா பாருங்கள். கரன்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் 50 மில்லிஆம்பியரில் வையுங்கள். மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் வோல்ட் பாருங்கள்: டிஎல்072 ஆப்-ஆம்பில் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) 8ஆம் காலில் ப்ளஸ், 4இல் மைனஸ், டிஎல்074இல் 4இல் ப்ளஸ், 11இல் மைனஸ். சரி என்றால் மின்சாரத்தை நிறுத்தி, ஐசி வைத்து, மறுபடி கொடுங்கள். எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று எழுதி வையுங்கள். பத்தில் ஒன்பது 30ஐ ஒட்டி இழுத்து ஒன்று மட்டும் 48 இழுத்தால், அது நன்றாகப் பாடினாலும் உள்ளே ஏதோ இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று வந்தது. இரண்டு கால்களுக்கு நடுவே தலைமுடி அளவு ஈயப் பாலம். பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது.

கழுவுங்கள்

கழுவுவதை நான் முதலில் அழகுக்கான வேலை என்று நினைத்தேன். இரண்டாவது பேட்ச்சில் ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டு செய்தேன். வந்த வோல்ட்டைப் பிடித்து ஒரு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரில் வைத்திருக்கும், அடுத்த தட்டு (கேட் சிக்னல்) வரும்வரை அதே சுருதி நிற்க வேண்டும். ஜூனில் செய்தேன், அருமையாக நின்றது. அக்டோபர் கடைசியில் சென்னையில் மழை பிடித்தது. வாங்கியவர்களில் மூன்று பேர் ஒரே வாரத்தில் சொன்னார்கள்: சுருதி வழுக்கிக்கொண்டே கீழே போகிறது.

கணக்கைப் பாருங்கள். அந்தக் கெப்பாசிட்டரிலிருந்து ஒரு நானோஆம்பியர் கசிந்தால் போதும், ஒரு நொடிக்கு 0.1 வோல்ட் இறங்கும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.083 வோல்ட்தான். அதாவது நொடிக்கு ஒரு ஸ்வரத்துக்கும் மேல் சரிவு. 5 வோல்ட்டில் அந்த அளவு கசிய 500 கோடி ஓம் பாதை போதும். போர்டின் மேல் காய்ந்திருந்த ஃப்ளக்ஸ் (சால்டரோடு வரும் பசை) கறை ஈரத்தை உறிஞ்சி அந்தப் பாதையைக் கொடுத்துவிட்டது. ஒன்றைத் திரும்ப வாங்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காய வைத்து, மறுபடி செருகினேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, சுருதி அசையாமல் நின்றது.

ஆகவே ஐசி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைத்து முடித்ததும் கழுவுங்கள். ஜாக், பாட், டிரிம்மர் (திருகி நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்ன பாட்) வைப்பதற்கு முன்பே கழுவுங்கள், இல்லாவிட்டால் கரைந்த ஃப்ளக்ஸ் அவற்றுக்குள் போய்க் குடியேறும். ஒருமுறை தேய்த்த ஆல்கஹாலை வழியவிட்டு, புதிய ஆல்கஹாலில் இரண்டாம் முறை அலசுங்கள். ஒரே அழுக்கு ஆல்கஹாலில் தேய்த்தால் கறை மெல்லியதாகப் பரவும், போகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் சூடான சால்டரிங் அயர்ன் இருக்கக் கூடாது.

சுருதி சேர்த்தல்

ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற விதியில் ஒரு சதவீதம் பிசகினால் ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் விலகும். சென்ட் என்பது ஒரு ஸ்வரஸ்தானத்தின் நூறில் ஒரு பங்கு. ஐந்து ஸ்தாயி போனால் 60 சென்ட், அரை ஸ்வரத்துக்கும் மேல். தம்பூராவோடு பாடிப் பழகிய காது இதில் பத்தில் ஒரு பங்கையே கண்டுபிடித்துவிடும்.

முறை இது. மாட்யூலைக் கேஸில் வைத்து, மூடி, அரை மணி நேரம் சூடாக விடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். 0 வோல்ட் கொடுத்து 110 ஹெர்ட்ஸில் வையுங்கள். 1 வோல்ட் கொடுத்தால் 220, 2 கொடுத்தால் 440 வர வேண்டும். மேலே போகப் போக கூடுதலாக ஏறினால் ஸ்கேல் டிரிம்மரைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி 0 வோல்ட்டில் 110க்குக் கொண்டுவந்து, மறுபடி மேலே போங்கள். ஐந்தாறு சுற்றில் சேரும். அதற்குப் பிறகுதான் உச்ச ஸ்தாயிக்கான டிரிம்மரைத் தொட வேண்டும். டிரிம்மர் பல சுற்றுகள் சுற்றக்கூடியதாக இருக்கட்டும், ஒரே சுற்றில் முடிவதில் இந்த நுணுக்கம் வராது.

ஒருநாள் மாலை இப்படிச் சேர்த்து முடித்து, ஐசி சூடாக இருக்கிறதா என்று விரலை வைத்தேன். டியூனரில் ஊசி மெதுவாக நகர்ந்தது, விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி வந்தது. 3340க்குள் வெப்பத்தைச் சமன்படுத்தும் ஏற்பாடு இருந்தும் அந்த நகர்வு. தனி டிரான்சிஸ்டர் ஜோடியில் கட்டிய ஆஸிலேட்டரில், ஈடுசெய்யும் விசேஷ ரெசிஸ்டர் இல்லாவிட்டால், ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம் மாறும். நான்கு ஸ்தாயி தள்ளிப் பார்த்தால் ஒரே டிகிரியில் 16 சென்ட். அதனால்தான் ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.

பத்து மாட்யூலையும் ஒரே வோல்ட் மூலத்தை வைத்துச் சேருங்கள். பாதியை ஒரு கீபோர்டிலும் மீதியை ஒரு சீக்வென்சரிலும் (சுருதி வோல்ட்டுகளை வரிசையாக அனுப்பும் கருவி) சேர்த்தேன். இரண்டு மாட்யூல் வாங்கிய ஒருவரிடம் இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. இரண்டும் தனித்தனியாகச் சரிதான், கற்றுக்கொண்ட ஆசிரியர்கள்தான் வேறு.

சுருதி வோல்ட்டை வெளியே அனுப்பும் மாட்யூல் செய்தால் இன்னொரு கவனம். வெளியீட்டில் பாதுகாப்புக்கு 1 கே ரெசிஸ்டர் வைப்பது வழக்கம். அது 100 கே உள்ளீட்டைச் சந்தித்தால் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் குறையும். மேலே சொன்ன அதே 12 சென்ட். ஒரே சிக்னலை இரண்டு மூன்று இடத்துக்குப் பிரித்தால் இன்னும் குறையும். அந்த ரெசிஸ்டரை ஆப்-ஆம்பின் பின்னூட்டச் சுற்றுக்குள் வைத்தால் இந்த இழப்பு இருக்காது.

கேஸுக்குள் வைத்துப் பாருங்கள்

மேஜையில் சேர்ந்த சுருதி கேஸில் ஆடியது. கவனித்துக் கேட்டால் ஆட்டத்துக்கு ஒரு தாளம் இருந்தது. பக்கத்து கிளாக் மாட்யூலின் எல்.இ.டி. மின்னும் ஒவ்வொரு முறையும் சுருதி துளி நகர்ந்தது. என் டியூன் குமிழை நேராக +12, −12க்கு நடுவே கட்டியிருந்தேன். எல்.இ.டி. எரியும்போது பவர் ரயிலில் (+12, −12 வரும் மின்வழி) சில மில்லிவோல்ட் தாழும். ஒரு சென்ட் என்பதே 0.83 மில்லிவோல்ட்தான். எல்எம்4040 என்ற சின்ன ரெஃபரன்ஸ் ஐசியிலிருந்து நிலையான 5 வோல்ட் எடுத்து, அதையே ஒரு ஆப்-ஆம்பால் −5 ஆகவும் திருப்பி, குமிழை இரண்டுக்கும் நடுவே கட்டியதும் ஆட்டம் நின்றது. ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் 100 நானோஃபாரட், கனெக்டருக்கு அருகில் பெரிய கெப்பாசிட்டர் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். 12 வோல்ட் ரயிலில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஓடும், நான் 25தான் வைக்கிறேன்.

விலையும் அனுப்புதலும்

பாகச் செலவை மட்டும் பார்த்து விலை வைக்காதீர்கள். முதல் பேட்ச்சில் அப்படி வைத்து, திரும்பி வந்த இரண்டைச் சரிசெய்து அனுப்பியதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது பாகச் செலவின் மூன்றரை மடங்கு வைக்கிறேன். கெட்டுப்போகும் போர்டு, திரும்பி வரும் தபால், சுருதி சேர்க்கும் இரண்டு மணி நேரம், எல்லாம் அதில்தான் வர வேண்டும். பத்தையும் உடனே விற்காதீர்கள். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் ஒரு குறை சொல்லும்போது அதே போர்டு கையில் இருந்தால் தேடல் பாதியாகிவிடும்.

1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் இசையமைப்பாளர் செர்ஜ் செரெப்னினைச் சுற்றி மாணவர்கள் உட்கார்ந்து தங்கள் மாட்யூல்களைத் தாங்களே பற்ற வைத்தார்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் சின்தசைசர் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். முடிந்தால் நீங்களும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் பற்ற வைத்ததை இன்னொருவர் பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும். தன் கை வைத்த சால்டரில் இருக்கும் பிழை தன் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

அனுப்பும் முன் ரிப்பன் கேபிளையும் மல்டிமீட்டரில் கால் காலாகச் சோதியுங்கள். கையால் அழுத்திச் செய்த கேபிளில் ஒரு பக்கம் கனெக்டர் திரும்பியிருப்பது சாதாரணமாக நடக்கும். நான்கு திருகு, கேபிள், மாட்யூல், இவற்றோடு ஒரு சின்ன அட்டையும் வையுங்கள். அதில் வரிசை எண், சுருதி சேர்த்த தேதி, +12இலும் −12இலும் இழுக்கும் மில்லிஆம்பியர், அன்றைய அறை வெப்பம், ஐந்து ஸ்தாயியிலும் எத்தனை சென்ட் விலகல் என்று பேனாவால் எழுதுங்கள். அதன் நகலை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து "சுருதி மாறிவிட்டது" என்று ஒருவர் எழுதினால், முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.